எதிரி நாட்டுக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து

அன்பானவர்களே,

"பூமியிலே சமாதானமும், மனுஷர்மேல் பிரியமும்" என்று இப்போதுதான் பாடி முடித்தோம். முதல் உலகப் போர் நடந்த 1914 டிசம்பரில் இதையே லண்டனிலும் பாடினார்கள், பெர்லினிலும் பாடினார்கள். அந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் பெல்ஜியத்துச் சேற்றில், பதுங்குகுழிகளில் நின்று ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பண்டிகை நாளிலாவது பீரங்கிகள் ஓயட்டும் என்று பாப்பரசர் பதினைந்தாம் பெனடிக்ட் வேண்டினார். அரசுகள் இணங்கவில்லை. ஆனாலும் பல இடங்களில் சிப்பாய்கள் தாங்களாகவே வெளியே வந்து கைகுலுக்கினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். அது உங்களில் பலர் அறிந்த கதை.

நான் பேச வந்தது அதே கிறிஸ்துமஸுக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்தைப் பற்றி. எழுதியவர் எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. கையெழுத்திட்டவர்கள் 101 பிரிட்டிஷ் பெண்கள். யாருக்கு எழுதினார்கள்? ஜெர்மனி, ஆஸ்திரியா நாட்டுப் பெண்களுக்கு! ஜெர்மானியர் நடத்திய கடைகளை லண்டனில் அடித்து நொறுக்கிய காலம் அது. எதிரி நாட்டுக்கு நேராகத் தபால் போகாது. அதனால் பத்திரிகை வழியாகப் பேசினார்கள். பெண்களின் வாக்குரிமைக்காக நடந்த ஒரு சர்வதேச இதழில், 1915 ஜனவரியில் கடிதம் வெளிவந்தது.

"சகோதரிகளே" என்று அழைக்கிறது அந்தக் கடிதம். போரிடும் உலகத்தில் கிறிஸ்துமஸ் செய்தி கேலிபோல் ஒலிக்கிறது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. அந்த நேர்மை என் மனதைத் தொடுகிறது. நம்முடைய வேதனையே நம்மை ஒன்றுசேர்க்கிறது என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் கண்டதுபோல, இக்காலப் போரின் பாரம் ஆயுதம் ஏந்தாதவர்கள் தலையில்தான் விழுகிறது என்கிறார்கள்.

இது எமிலி ஏட்டில் படித்துச் சொன்னதல்ல. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழியினரான போயர் மக்களோடு பிரிட்டன் போரிட்டபோது, பிரிட்டிஷ் ராணுவம் அவர்கள் குடும்பங்களை அடைத்துவைத்த முகாம்களுக்கு 1901-இல் நேரில் போனவர் அவர். பசியிலும் தட்டம்மையிலும் குழந்தைகள் சாவதைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பித் தன் அரசையே தட்டிக்கேட்டார். ஏறக்குறைய 26,000 போயர் பெண்களும் குழந்தைகளும் அந்த முகாம்களில் இறந்தார்கள். கறுப்பின மக்களை அடைத்த தனி முகாம்களிலும் பல ஆயிரம் பேர் மடிந்தார்கள். உண்மையைச் சொன்னதற்காக எமிலிக்குக் கிடைத்தது துரோகி என்ற வசைதான்.

கடிதத்துக்குப் பதில் வந்தது. 155 ஜெர்மானிய, ஆஸ்திரியப் பெண்கள் நன்றி சொல்லி எழுதினார்கள். 1915 ஏப்ரலில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சமாதான மாநாட்டுக்குக் கூடினார்கள். போக விரும்பிய பிரிட்டிஷ் பெண்கள் 180 பேருக்கு மேல். வட கடலில் கப்பல் போக்குவரத்தையே அரசு நிறுத்திவிட்டது. மூன்று பேர்தான் போய்ச் சேர்ந்தார்கள். மாநாட்டின் தீர்மானங்களைப் பெண் தூதுவர்கள் தலைநகர் தலைநகராக எடுத்துச் சென்றார்கள். எந்த அரசும் போரை நிறுத்தவில்லை.

அப்படியானால் கடிதம் வீண்தானா? நான் அப்படி நினைக்கவில்லை. என் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று ஏங்காத தாய் இல்லை. எதிரியின் பிள்ளையும் பிழைக்க வேண்டும் என்று, போர் வெறி உச்சத்தில் இருந்தபோது, பேர் போட்டுக் கையெழுத்திட்டார்களே, அதற்கு எத்தனை துணிவு வேண்டும்!

1918 நவம்பரில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. உணவுக் கப்பல்கள் ஜெர்மனிக்குப் போகவிடாமல் பிரிட்டனும் அதன் கூட்டாளிகளும் போட்ட கடல் முற்றுகை மட்டும் மறு ஆண்டு ஜூலை வரை நீடித்தது. ஜெர்மானியப் பிள்ளைகள் பசியில் வாடினார்கள். 1919-இல், ஐம்பத்தொன்பது வயதில், உடல்நலம் குன்றிய நிலையிலும் எமிலி லைப்சிக் நகருக்குப் போனார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஏற்பாடு செய்தார். அதற்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் பணம் வந்தது. முகாம்களில் யாருடைய குழந்தைகளுக்காக அவர் வாதாடினாரோ, அந்த மக்களே அனுப்பிய பணம் அது.