ஸ்க்ரோல் சா வாங்க போறீங்களா? மெஷினை விடுங்க, பிளேடைப் பாருங்க

[திரையில: மேசை மேல மெஷின், பக்கத்துல ‘இல்லம்’னு பேப்பர் ஒட்டின பலகை]

வணக்கம் மக்களே, பினாங்குல இருந்து பேசுறேன். ஜார்ஜ் டவுன்ல பழைய வீட்டு ஜன்னல், கதவுக்கு மேல காத்து வர்றதுக்குன்னு மரத்துல பூவும் கொடியுமா ஓட்டை ஓட்டையா செதுக்கி வச்சிருப்பாங்க பாத்திருக்கீங்களா, அந்த மாதிரி வேலையை வீட்ல உக்காந்து செய்ய ஆசைப்படுறவங்களுக்குத்தான் இந்த மெஷின். பெரிய வட்டு எல்லாம் சுத்தாது, அஞ்சு இன்ச் நீளத்துல மெல்லிசா ஒரு பிளேடு மேலயும் கீழயும் போயிட்டு வரும், நாம மரத்தைத் திருப்பித் திருப்பி தள்ளுறோம்.

கடையில முதல்ல 16 இன்ச்னு சொல்லுவாங்க. பிளேடுக்கும் பின்னாடி இருக்குற மெஷினோட கைக்கும் நடுவுல உள்ள இடைவெளி அது, பெயர்ப்பலகை செய்ய தாராளம். அதை விட முக்கியமா ஒண்ணு கேளுங்க, “அங்கிள், பின் இல்லாத பிளேடு போடலாமா?” சில மெஷின்ல ரெண்டு முனையிலயும் குறுக்க குட்டி பின் வச்ச பிளேடுதான் போகும், அந்த பின் நுழையுற அளவுக்கு பெரிய ஓட்டை போடணும், அப்புறம் எழுத்தோட சின்ன சுழி எப்படி வெட்டுறது? பின் இல்லாததுன்னா 2 மில்லி ஓட்டையே போதும். என்னைக் கேட்டா பின் இல்லாத பிளேடு எடுக்காத மெஷினை சும்மா குடுத்தாலும் வேணாம் லா.

[கிட்ட காட்டுறது: பிளேடு மாட்டுறது]

பல்லு கீழ பாத்து இருக்கணும். டென்ஷன் ஏத்திட்டு விரலால ஒரு தட்டு தட்டுங்க, வீணை நரம்பு மாதிரி ‘டிங்’னு கேக்கணும், ‘டப்’புன்னு செத்த சத்தம் வந்தா இன்னும் இறுக்குங்க. புதுசா வர்றவங்க பிளேடு ஒடைஞ்சிடும்னு பயந்து லூசா விடுவாங்க, லூசா விட்டா கோடு ஒரு பக்கம் பிளேடு ஒரு பக்கம்னு போகும், அதுலதான் சீக்கிரம் ஒடையும். நல்லா இறுக்கியும் ஒரு பக்கமா இழுக்குதா? தகட்டுல அடிச்சு செய்யுற பிளேடுக்கு ஒரு ஓரத்துல பிசிறு இருக்கும், அதனாலதான். வேஸ்ட் மரத்துல ஒரு நேர்க்கோடு வெட்டிப் பாருங்க, எந்தப் பக்கம் இழுக்குதோ அதுக்கு ஏத்த மாதிரி மரத்தை லேசா திருப்பி வச்சு தள்ளணும், கை பழகிடும்.

பிளேடு நம்பர்? 18 மில்லி மரத்துக்கு 5, மெல்லிசு ப்ளைவுட்டுக்கு 1 இல்ல 3. ‘ரிவர்ஸ் டூத்’னு கேட்டு வாங்கினா அடியில நாலஞ்சு பல்லு மேல பாத்து இருக்கும், மரத்தோட அடிப்பக்கம் சிராய் எழும்பாது.

இப்ப வேலை. பலகை மேல மாஸ்கிங் டேப், அதுக்கு மேல பேப்பரை பசை வச்சு ஒட்டுங்க. நம்ம எழுத்துல ஒரு சிக்கல் இருக்கு, ‘இல்லம்’னு அப்படியே வெட்டினீங்கன்னா ல் மேல உள்ள புள்ளி, ம் மேல உள்ள புள்ளி ரெண்டும் தனியா கழண்டு கீழ விழுந்துடும், எழுத்தும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நிக்கும். அதனால வரையும்போதே அடியில ஒரு பட்டை விட்டு எல்லா எழுத்தையும் அதுல சேர்த்துடுங்க, புள்ளிக்கு ஒரு சின்ன காம்பு விடுங்க. இ-யோட சுழிக்குள்ள ட்ரில் போட்டு, பிளேடோட மேல் முனையைக் கழட்டி, ஓட்டை வழியா விட்டு, திரும்ப மாட்டி, உள் வேலையை எல்லாம் முதல்ல முடிச்சிடணும். சுத்து விளிம்பு கடைசியில, ஏன்னா அது வரைக்கும்தான் பிடிச்சுக்க மரம் இருக்கும். கரியுதுன்னா அமுக்காதீங்க, பிளேடை மாத்துங்க.

மரத்துக்கு நான் சொல்றது ரப்பர் மரம்தான். கூலிம் பக்கம் தோட்டத்துல நம்ம பாட்டிங்க பால் வெட்டின அதே மரம், 25, 30 வருஷத்துல பால் குறைஞ்சதும் சாய்ச்சிடுவாங்க, அப்புறம் அது மேசை நாற்காலி ஆகும். ஃபர்னிச்சர் செய்யுற இடத்துல துண்டு கேட்டுப் பாருங்க. வெளிர் நிறம், ரேகை நேரா ஓடும், வெட்டினா ஓரம் சுத்தமா வரும். பூஞ்சை வராம இருக்க மருந்து ஏத்தியிருப்பாங்க, அதனால மாஸ்க் போட்டுக்கோங்க, எம்டிஎஃப் (மரநாரை பசை வச்சு அழுத்தின பலகை) வெட்டினா கட்டாயம் போடணும். கண்ணுக்கு கண்ணாடியும்தான்.

கொண்டோ அடுக்குமாடி வீடா? சத்தமும் அதிர்வும் கீழ போகாம இருக்க மெஷினை கனமான பலகையில ஸ்க்ரூ போட்டு, அடியில தடிப்பான ரப்பர் மேட் போடுங்க, கீழ்வீட்டு ஆன்ட்டி மேல வரமாட்டாங்க.

ஒண்ணு மட்டும், ரப்பர் மரம் மழை தாங்காது, வீட்டுக்குள்ள மாட்டத்தான் சரி. வாசல்ல மழை அடிக்கிற இடம்னா தேக்கு துண்டு தேடுங்க, கூடவே பிளேடு நாலு எக்ஸ்ட்ரா வாங்கிடுங்க, தேக்குல சிலிக்கா இருக்கு, பல்லு சீக்கிரம் மழுங்கிடும்.