தொட்டாற்சிணுங்கியின் தண்ணீர்க் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். வரப்போரத்தில் தொட்டாற்சிணுங்கியைக் கண்டால் விரலை நீட்டாமல் போகிறவர் யார்? ஆனால் இலை முழுக்கத் தட்டிவிட்டு, சுருங்கியதும் கிளம்பிவிடுகிறோம். அடுத்த முறை நுனியிலுள்ள சிற்றிலை ஒன்றை மட்டும் பென்சில் முனையால் தட்டுங்கள். அந்த ஜோடி மடியும். பிறகு அடுத்த ஜோடி, அதற்கடுத்தது என்று அடிப்பக்கமாக இறங்கி வரும். மெல்லத் தட்டினால் பாதியிலேயே நிற்கும். பலமாகத் தட்டினால் காம்பே தொப்பென்று சாயும்.

காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சற்றே தடித்த அதைப்பு ஒன்று இருக்கிறது. சிற்றிலை ஒவ்வொன்றின் அடியிலும் பொடியாக ஒன்று உண்டு. வேலையெல்லாம் அங்கேதான். தசை இல்லை, நரம்பு இல்லை; தண்ணீர்தான். தொட்டதும் ஒரு மின்துடிப்பு ஓடிவருகிறது. அதைப்பின் ஒரு பக்கத்துச் செல்கள் பொட்டாசியம், குளோரைடு என்ற உப்புகளை வெளியே விட, பின்னாலேயே தண்ணீரும் போய்விடுகிறது. காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி அந்தப் பக்கம் தொய்ந்துவிடும். காம்பில் தொய்வது கீழ்ப்பக்கம், அதனால் சாய்கிறது. சிற்றிலையில் மேல்பக்கம், அதனால் மேல்நோக்கி மடிகிறது.

மடிய ஓரிரு நொடி போதும். விரியப் பத்து, இருபது நிமிடம்கூட ஆகும். வெளியே விட்ட உப்பைத் திரும்ப இழுக்கச் செடி சக்தியைச் செலவழிக்க வேண்டுமே! மூடிக் கிடக்கும்வரை வெயிலும் சரியாகக் கிடைக்காது. அதனால் தொட்டியில் வளர்ப்பவர்கள் வருகிற பிள்ளைகளையெல்லாம் தொடவிடாதீர்கள். மண் காய்ந்திருந்தாலும் குளிர் அதிகமானாலும் அசைவு மந்தமாகும். மறுபடி சொல்கிறேன், தண்ணீர்தான்.

2014இல் தாவர ஆராய்ச்சியாளர் மோனிகா காக்லியானோவும் கூட்டாளிகளும் வெளியிட்ட சோதனை எனக்கு மிகப் பிடித்தது. செடியைத் தொட்டியோடு 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மெத்தென்ற பரப்பில் விழவிட்டார்கள். ஒரு தடவை அல்ல, தொடர்ந்து 60 தடவை. முதலில் மூடிய இலைகள் போகப்போக மூடவே இல்லை. களைத்துப்போச்சு என்றுதானே நினைப்போம்? அதே செடியைப் பிடித்துக் குலுக்கினார்கள், உடனே மூடிக்கொண்டது! களைப்பில்லை, விழுவதால் ஆபத்தில்லை என்று பழகிவிட்டது. அதை 'நினைவு' என்று சொல்லலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பழக்கம் என்றே சொல்வேன் நான்.

இதேபோல் தொடுதலை உணரும் பாகல், புடலையின் பற்றுக்கம்பிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், கடிகாரம் விடவில்லை. ஒன்று மட்டும். மழைத்துளி பட்டால் அவை சுருளாது, சொரசொரப்பு உரசினால்தான் சுருளும். பந்தலுக்கு வழவழப்பான பிளாஸ்டிக் குழாயைவிடச் சணல் கயிறு மேல். வணக்கம்.