கையெழுத்து இல்லாத ஒப்பந்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

டாக்டர்கள் ஸ்ட்ரைக் என்று செய்தி வந்தாலே பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். உயிரைக் காப்பாற்ற வேண்டியவர்கள் வேலையை விட்டு வெளியே வரலாமா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 2016-ல் இங்கிலாந்தில் அரசின் புதிய வேலை ஒப்பந்தத்தை எதிர்த்து ஜூனியர் டாக்டர்கள் போராடியபோது நான் அங்கே ஒரு மருத்துவமனையில் கன்சல்டன்ட்டாக, அதாவது பயிற்சி முடித்த மூத்த நிபுணராக, இருந்தேன். அந்த ஒரு கேள்வியின் சத்தத்தில் இன்னொரு கேள்வி யார் காதிலும் சரியாக விழவில்லை. சனி, ஞாயிறு டியூட்டிக்கு ஆள் எங்கிருந்து வரும்?

ஜூனியர் டாக்டர் என்றதும் நேற்றுப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் என்று நினைத்துவிட வேண்டாம். பட்டம் வாங்கியபின் மேற்பயிற்சியில் இருந்த எல்லோரும் அங்கே ஜூனியர்தான். பத்து வருட அனுபவத்தோடு நடுராத்திரியில் அவசர ஆபரேஷன் செய்கிறவரும் அந்தக் கணக்கில்தான் வருவார். அந்தப் பெயரை மாற்றவே 2024 ஆகிவிட்டது. போராட்டம் நடந்தபோது இங்கிலாந்து முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி இருந்தார்கள். இவர்களுக்கு வேலை, மேற்படிப்புப் பயிற்சி எல்லாமே என்.எச்.எஸ். என்ற அரசுப் பொது மருத்துவ அமைப்பின் ஒரே கூரைக்குள். ஒப்பந்தம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெரு ஆஸ்பத்திரிக்கு மாறிக்கொள்ளலாம் என்ற வழியே கிடையாது. ஆஸ்திரேலியாவுக்குப் போகலாம். சிலர் போனார்கள்.

வாரத்தின் ஏழு நாளும் ஒரே தரத்தில் மருத்துவம் கிடைக்கும் என்பது 2015 தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி கொடுத்த வாக்குறுதி. ஜெயித்து வந்ததும் சுகாதார அமைச்சர் ஜெரமி ஹன்ட் ஜூனியர்களின் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தார். பழைய ஒப்பந்தத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 7 முதல் மாலை 7 வரைதான் சாதாரண நேரம்; அதற்கு வெளியே வேலை பார்த்தால் கூடுதல் பணம். அதை ராத்திரி 10 மணி வரை இழுத்து, சனிக்கிழமையையும் அதற்குள் சேர்ப்பது என்று திட்டம் வந்தது. பதிலுக்கு அடிப்படைச் சம்பளம் கூடும். அரசு சொன்னதெல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வாரத்துக்கு அதிகபட்சம் 91 மணி நேரம் என்றிருந்ததை 72 ஆகக் குறைப்பதாகவும் சொன்னார்கள். அது நல்ல விஷயம்.

குழப்பம் வந்தது இறப்புக் கணக்கில். வெள்ளி முதல் திங்கள் வரை மருத்துவமனையில் சேர்கிறவர்களில், முப்பது நாளுக்குள் இறப்பவர்கள் மற்ற நாட்களோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 11,000 பேர் அதிகம் என்று 2015-ல் ஒரு ஆய்வு வெளியானது. இதில் எத்தனை இறப்புகளைத் தவிர்த்திருக்கலாம் என்று சொல்ல முடியாது, அப்படி முடிவு கட்டுவது அவசரப்படுவதாகும் என்று ஆய்வை எழுதியவர்களே எச்சரித்திருந்தார்கள். அரசியல் மேடைகளில் 11,000 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சனி, ஞாயிறில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் பெரும்பாலும் அதிகம் முடியாமல்தான் வருவார். அப்புறம் ஜூனியர் டாக்டர்கள் அந்த இரண்டு நாளும் ஏற்கெனவே வேலையில்தான் இருந்தார்கள். ஸ்கேன் எடுக்க, ரத்தப் பரிசோதனை பார்க்க ஆள் குறைவு என்பதுதான் வார்டில் நாங்கள் பார்த்த நிலைமை. ஐந்து நாளுக்கே போதாத டாக்டர்களை ஏழு நாளுக்குப் பரப்பினால் செவ்வாய்க்கிழமை யார் இருப்பார்கள்? இந்தக் கூட்டல் கழித்தலுக்கு அமைச்சரிடமிருந்து நேரான பதில் வரவில்லை என்பது என் எண்ணம்.

2015 நவம்பரில் டாக்டர்களின் தொழிற்சங்கமான பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தவர்களில் 98 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்துக்குச் சம்மதம் சொன்னார்கள். 2016 ஜனவரி 12-ல் முதல் ஸ்ட்ரைக். அவசர சிகிச்சையை மட்டும் நிறுத்தாமல் தொடர்ந்தார்கள்.

அன்று ஜூனியர்கள் வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். உள்ளே வார்டைப் பார்த்துக்கொண்டது எங்களைப் போன்ற கன்சல்டன்ட்கள். நோயாளியைப் பார்த்து முடிவெடுக்க எங்களுக்கு நேரமே ஆகவில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனைக்குக் கம்ப்யூட்டரில் எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியவில்லை, பாஸ்வேர்டு மறந்துபோய் ஒருவர் ஐ.டி. பிரிவுக்குப் போன் செய்துகொண்டிருந்தார், நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது தரும் கடிதத்தை அச்செடுக்க இரண்டு பேராசிரியர்கள் தேவைப்பட்டார்கள். ஒரு நர்ஸ் சிரித்தபடியே, "இதையெல்லாம் தினமும் யார் செய்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறதா?" என்றார்.

வாசலில் நின்றவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. "சார், இதனால் விசாவுக்கு ஏதாவது வருமா?" என்று தனியாக வந்து கேட்டவர்களும் உண்டு. அந்தப் பயத்தோடு நிற்பது வேறு மாதிரி.

பிப்ரவரி 10-ல் இரண்டாவது ஸ்ட்ரைக். மறுநாளே ஹன்ட், சம்மதம் இல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தை அமல்படுத்தப் போவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதோடு சண்டையின் குணமே மாறிவிட்டது. மார்ச்சில் அரசு வெளியிட்ட சமத்துவ மதிப்பீட்டு அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருந்தது. புதிய ஒப்பந்தத்தின் சில அம்சங்கள் பெண்களைக் கூடுதலாகப் பாதிக்கலாம், ஆனால் நோக்கம் நியாயமானது என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். குழந்தை வளர்ப்புக்காகப் பகுதி நேரமாக வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இதைப் படித்தபின் எங்கள் துறையில் அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் டாக்டரும் வாசலுக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 26, 27-ல் பகல் நேரத்தில் அவசர சிகிச்சையிலிருந்தும் விலகினார்கள். என்.எச்.எஸ். வரலாற்றில் அதுதான் முதல் முறை. எனக்கு அது உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. கன்சல்டன்ட்கள் இருந்தார்கள் என்பது உண்மை. இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பிற்பாடு அந்த ஸ்ட்ரைக் நாட்களை ஆராய்ந்தபோது இறப்பு கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அப்பாயின்ட்மென்ட்களும் ஆபரேஷன்களும் அந்த இரண்டு நாளுக்காகத் தள்ளிப்போயின. இடுப்பு வலியோடு மாதக்கணக்கில் காத்திருந்தவரிடம் புள்ளிவிவரம் சொல்லி ஆறுதல்படுத்த முடியாது.

மே மாதம் சமரசப் பேச்சில் ஒரு உடன்பாடு வந்தது. சங்கத் தலைமை பரிந்துரைத்தும் 58 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஜூலை 6-ல் அமைச்சர் அதையே அமல்படுத்துவதாகச் சொன்னார். ஐந்து டாக்டர்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டி உயர் நீதிமன்றம் போனார்கள். அங்கேதான் வேடிக்கை. அமைச்சர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, மருத்துவமனைகளுக்குப் பரிந்துரைதான் செய்கிறார் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. மாதக்கணக்கில் "அமல்படுத்துவேன்" என்று கேட்டுப் பழகியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அமைச்சர் தன் அதிகாரத்துக்குள்தான் நடந்தார் என்று செப்டம்பர் 28-ல் தீர்ப்பு வந்தது. டாக்டர்கள் தோற்றார்கள். செப்டம்பருக்கு அறிவித்திருந்த ஐந்து நாள் ஸ்ட்ரைக்கைச் சங்கம் ஏற்கெனவே கைவிட்டிருந்தது. அக்டோபரில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

அரசு ஜெயித்தது என்று பலரும் எழுதினார்கள். ஆனால் அந்த ஒப்பந்தம் மூன்று வருடம் டாக்டர்களின் சம்மதம் இல்லாமலேயே ஓடியது. திரும்பவும் உட்கார்ந்து பேசி, 2019-ல்தான் 82 சதவீதம் பேர் அதை ஏற்றுக்கொண்டார்கள். நான்கு வருடத்தில் 8.2 சதவீதச் சம்பள உயர்வு, வார இறுதி வேலைக்குக் கூடுதல் பணம், பகுதி நேரத்தில் பயிற்சி பெறுகிறவர்களுக்கு வருடம் 1,000 பவுண்ட் என்று திருத்தங்கள் வந்தன. கடைசியாகச் சொன்னது, 2016 மார்ச் அறிக்கையில் பாதிப்பு வரலாம் என்று அரசே எழுதிவிட்டு அப்படியே விட்டுப்போன அதே ஆட்களுக்கானது.

நன்றி, வணக்கம்.