ட்ரெபெவிச் மலையின் சறுக்குத்தடம்

நேயர்களுக்கு வணக்கம்.

குரோஷியக் கடற்கரையில் காரை வாடகைக்கு எடுத்து, போஸ்னியாவில் மோஸ்தாரின் பழைய பாலத்தைப் பார்த்துவிட்டு, அந்நாட்டுத் தலைநகர் சரயேவோ வருகிறவர்கள் ஏராளம். அவர்களில் சிலர் 1984 குளிர்கால ஒலிம்பிக்குக்காக, நகரை ஒட்டிய ட்ரெபெவிச் மலையில் பனிச்சறுக்கு வண்டிகளுக்குக் கட்டிய சறுக்குத்தடத்துக்கும் போகிறார்கள். சுவரில் தீட்டிய வண்ண ஓவியங்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு பத்தே நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். அது போதாது. அந்தத் தடத்தை உச்சியிலிருந்து அடிவரை நடந்தே இறங்க வேண்டும். அதை எப்படிச் செய்வது, எதைக் கவனிப்பது என்று சொல்கிறேன்.

முதலில் சாலை. மோஸ்தாரிலிருந்து சரயேவோ ஏறத்தாழ 130 கிலோமீட்டர். நெரெத்வா ஆற்றை ஒட்டி, யப்லானிட்சா, கோனிட்ஸ் வழியாகப் போகும் சாலை. பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம்தான். லாரிக்குப் பின்னால் மாட்டினால் முந்துவதற்கு இடம் கிடைக்காது, அவசரப்படவும் கூடாது. இரண்டரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் வேகம் 50, வெளியே பொதுவாக 80. பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். குரோஷியாவில் எடுத்த காருக்கு போஸ்னியாவிலும் காப்பீடு செல்லும் என்பதற்கான பச்சை அட்டையை வாடகைக் கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். எல்லையில் போய்த் தேட முடியாது.

சரயேவோ வந்ததும் காரைக் கீழேயே நிறுத்திவிடுங்கள். மலையடிவாரத்து பிஸ்ட்ரிக் பகுதியில் தெருக்கள் செங்குத்தானவை. பல இடங்களில் எதிரே ஒரு கார் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். கைபேசி வரைபடம் குறுக்குவழி என்று அந்தத் தெருக்களில்தான் கொண்டுபோய் விடும். நல்ல வழி ரோப் கார். 1959இல் தொடங்கிய பழைய ரோப் கார் 1990களின் போஸ்னியப் போரில் அழிந்தது; புதியது 2018 ஏப்ரல் 6 அன்று ஓடத் தொடங்கியது. 33 பெட்டிகள், அவற்றில் ஐந்துக்கு ஒலிம்பிக் வளையங்களின் வண்ணம். பத்து நிமிடத்துக்குள் மேலே சேர்த்துவிடும். காற்று பலமாக வீசினால் நிறுத்திவிடுவார்கள் என்பதால் ஏறும்போதே கடைசிப் பெட்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நகரம் புகைமூட்டத்துக்குள் கிடக்கும்போதும் மேலே வெயில் அடிக்கலாம். குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தில் தேங்கி, புகையை மேலே எழவிடாது. ஆனால் பனி கொட்டிவிட்டால் தடமே கண்ணுக்குத் தெரியாது. நடப்பதற்கு வசந்தமும் இலையுதிர் காலமும்தான் ஏற்றவை.

மேல்நிலையத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் தடம் வந்துவிடும். நீளம் சுமார் 1,300 மீட்டர், வளைவுகள் 13. மேலிருந்து கீழே ஏறத்தாழ 125 மீட்டர் இறக்கம். இருவரோ நால்வரோ உட்கார்ந்து சறுக்கும் வண்டியான பாப்ஸ்லெட் புறப்படும் இடம் உச்சியில். லூஜ் என்பது மல்லாந்து படுத்துச் சறுக்கும் சிறிய வண்டி; பெண்களுக்கும் இரட்டையருக்குமான லூஜ் போட்டிகள் இன்னும் கீழிருந்து தொடங்கின. நீங்கள் உச்சியிலிருந்தே தொடங்குங்கள்.

நேராகப் போகும் பகுதிகளில் சுவர் தாழ்வாக இருக்கும். வளைவு வந்ததும் ஒரு பக்கம் ஆளுயரத்துக்கு மேல் எழுந்து, உள்நோக்கிக் கவிழ்ந்து நிற்கும். வண்டி மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும்போது அதை வெளியே வீசப் பார்க்கும் விசையை இந்தச் சாய்ந்த சுவர்தான் தாங்குகிறது. வேகம் கூடக் கூட வண்டி சுவரில் உயர ஏறும். அதனால் சுவரின் உயரத்தைப் பார்த்தே அந்த இடத்தில் எவ்வளவு வேகம் என்று ஊகித்துவிடலாம். ஒவ்வொரு வளைவும் முடியும் இடத்தில் நின்று எதிர்ப்பக்கச் சுவரைப் பாருங்கள். வளைவுக்குள் தாமதமாக நுழைந்த வண்டி, தாமதமாகவே கீழே இறங்கி, அந்தத் தாழ்ந்த சுவரில்தான் போய் மோதும். பாப்ஸ்லெட்டில் முன்னால் இருப்பவர் இரண்டு கயிறுகளை இழுத்துத் திருப்புகிறார். லூஜில் மல்லாந்து படுத்திருப்பவருக்கு அதுவும் இல்லை; கெண்டைக்காலாலும் தோளாலும் வண்டியை அழுத்தித்தான் திருப்ப வேண்டும். இந்தத் தடத்தில் கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃப்காங் ஹோப்பே இருவர் பாப்ஸ்லெட்டிலும் நால்வர் பாப்ஸ்லெட்டிலும் தங்கம் வென்றார்.

பனிக்கட்டி தானாகப் படிந்ததல்ல. கான்கிரீட்டுக்குள் குழாய்கள் ஓடின, குளிரூட்டி அவற்றின் வழியே போய் கான்கிரீட்டை உறைய வைத்தது. அதன்மேல் தண்ணீரைப் பூவாகத் தெளித்துத் தெளித்து, சில சென்டிமீட்டர் கனத்துக்குப் படிய வைத்து, கையாலேயே சுரண்டிச் சமப்படுத்துவார்கள்.

இனி, தடத்தின் சுவரில் நீங்கள் பார்க்கப்போகும் துளைகள். போரில் 1992 ஏப்ரலில் தொடங்கிய சரயேவோ முற்றுகை 1996 பிப்ரவரி வரை நீடித்தது. போஸ்னிய செர்பியப் படைகள் இந்த மலையில் பீரங்கி வைத்திருந்தன. தடத்தின் கீழ்ப்பகுதி வளைவு ஒன்றின் சுவரில் துப்பாக்கி நீட்டத் துளை போட்டார்கள். மலையிலிருந்து கீழே பாருங்கள், நகரம் முழுவதும் உள்ளங்கையில் கிடக்கிறது. இந்த மலைக்காக ஏன் அவ்வளவு சண்டை நடந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். வண்டியைத் தாங்கக் கட்டிய சுவர் குண்டைத் தடுக்கும் அரணானது. இரண்டையும் ஒரே சுவரில் பார்ப்பதற்காகத்தான் முழுத் தடத்தையும் நடக்கச் சொல்கிறேன்.

தடத்தைச் சுற்றிக் கண்ணிவெடி அகற்றிவிட்டார்கள். ஆனால் அந்நாட்டுக் காடுகளில் அந்த வேலை இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் ஓரடிகூட முன்னால் வைக்காதீர்கள். வன்னியில் மிதிவெடிப் பலகைகளுக்கு நடுவே வாழ்ந்த நேயர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. கான்கிரீட், தார்ச்சாலை, தெளிவாக அடையாளமிட்ட நடைபாதை, இவற்றை விட்டு விலகக் கூடாது. சிறுநீர் கழிக்கக்கூட மரங்களுக்குள் போகாதீர்கள்.

மற்ற ஆபத்துகள் சிறியவை. மழை பெய்திருந்தால் பாசி படிந்த கான்கிரீட் வழுக்கும். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் காலணி வேண்டும், சாய்ந்த சுவரில் ஏறாதீர்கள். சைக்கிள்காரர்கள் மேலிருந்து வேகமாக வருவார்கள். தடத்தின் ஒரு பகுதியைச் சீர்செய்து, சக்கரம் பூட்டிய லூஜில் கோடைப் பயிற்சியும் நடப்பதுண்டு. சத்தம் கேட்டால் வளைவுக்குள் நிற்காமல் உடனே வெளியேறுங்கள். இறங்க ஒன்றரை மணி நேரம். திரும்பி ஏற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காரை எடுங்கள். நகருக்குள் ஸெட்ரா அரங்கம்: 1984 பிப்ரவரி 14 அன்று பிரிட்டனின் டோர்வில், டீன் இணை பனிநடனத்தில் 6.0 என்ற முழு மதிப்பெண்ணைப் பன்னிரண்டு முறை வாங்கிய இடம். போரில் சிதைந்து 1999இல் மீண்டும் திறந்தது. பக்கத்தில் வரிசை வரிசையாகப் போர்க்காலக் கல்லறைகள். அங்கிருந்து தென்மேற்கே இக்மான் மலையில் இரண்டு பனித்தாவல் மேடைகளும், பதக்கம் வழங்கிய மேடையும் அப்படியே நிற்கின்றன. அதற்கு மேலே பியெலாஷ்னிட்சா, 2,067 மீட்டர். ஆண்களுக்கான வேகச்சறுக்குக்கு 800 மீட்டர் இறக்கம் வேண்டும் என்பது விதி. மலை சில மீட்டர் போதாமல் போனது. உச்சியில் உணவகக் கட்டடம் ஒன்றை எழுப்பி, அதன் மேல்தளத்திலிருந்து வீரர்களைப் புறப்பட வைத்தார்கள். புயலால் தள்ளிப்போன அந்தப் போட்டியை பிப்ரவரி 16 அன்று அமெரிக்காவின் பில் ஜான்சன் வென்றார்.

நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். இக்மான் சாலையில் மூடுபனி சட்டென்று இறங்கும். இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து வாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

நன்றி, வணக்கம்.