1783-க்கு ஒரு சுவர்

(கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில், வரலாற்று மன்றத் தொடக்க விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி அமர்ந்திருக்கும் கிளை நூலகர் அவர்களே, ஓவிய ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர் உள்ளிட்ட ஆசிரியப் பெருமக்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, என் அன்பு மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஊராட்சி மன்றத் தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இந்தப் பள்ளியின் பின்புறம் ஆடும் மாடும் இஷ்டத்துக்கு வந்து போன காலத்தைப் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அங்கே ஆளுயரச் சுற்றுச்சுவர் நிற்கிறது. விடாமல் அலைந்து அதை வாங்கித் தந்தவர் இவர். அந்தச் சுவரைப் பற்றிக் கடைசியில் பேசுவேன். தலைவர் தயவுசெய்து அதுவரை இருக்க வேண்டும். தலைமையாசிரியர் அம்மாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். சேர ஆளில்லை என்று சொல்லிப் பல ஊர்களில் மேல்நிலை வகுப்பில் வரலாற்றுப் பிரிவையே மூடிவிடுகிறார்கள். இங்கே அம்மா வீடு வீடாகப் போய்ப் பேசிப் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறார். நூலகர், மன்றத்துக்கென்று ஓர் அலமாரியையே ஒதுக்கித் தந்திருக்கிறார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் இந்தப் பந்தலுக்கும் மைக்குக்கும் பொறுப்பேற்றிருக்கிறார். எல்லோருக்கும் கைதட்டுங்கள்.

சரி, எனக்குக் கொடுத்த தலைப்பு: உலக வரலாற்றின் முக்கிய ஆண்டுகளை நினைவில் வைப்பது எப்படி. மூன்று வழி சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, ஆண்டுகளைத் தனித்தனியாகப் படிக்காமல் காரணத்தோடு கோத்துப் படிப்பது. இரண்டு, நமக்கு நன்றாகத் தெரிந்த ஆண்டோடு தெரியாததைக் கட்டிவைப்பது. மூன்று, நாட்காட்டிகளில் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்வது. ரஷ்யாவின் 1917 அக்டோபர் புரட்சியை ஏன் நவம்பரில் கொண்டாடுகிறார்கள் என்பது போன்றவை. இம்மூன்றுக்கும் அடிப்படை, நம் பாட்டிமார் சொல்லிவைத்த ஒரே பழமொழி: அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். பிள்ளைகளே, சேர்ந்து சொல்லுங்கள். இன்னும் சத்தமாக. நல்லது.

நான் வேலை பார்த்த காலத்தில் பல வகுப்புகளில் கேட்டுப் பார்த்த கேள்வி ஒன்று உண்டு. 'பொருத்துக' பகுதியில் பிரெஞ்சுப் புரட்சி 1789 என்று எல்லோரும் சரியாகப் பொருத்திவிடுவார்கள். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பா, பின்பா என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த ஆண்டு, தேர்வு முடிந்த மாலையே போய்விடுகிறது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. ஆண்டுக்குப் பக்கத்தில் ஆண்டை வைத்துக் காட்ட நாம் தவறிவிட்டோம்.

இப்போது ஒரு கதை சொல்கிறேன். கதை என்றாலும் நடந்தது. நம் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது.

1776 ஜூலை 4. அமெரிக்காவின் 13 குடியேற்றங்கள் இங்கிலாந்திடமிருந்து விடுதலை என்று அறிவித்தன. இது புத்தகத்தில் இருக்கிறது. 1778இல் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு கைகோத்தது. அதோடு அங்கே நடந்த சண்டை இங்கே வந்துவிட்டது. அதே 1778 அக்டோபரில் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தார்கள். பிறகு மைசூரை ஆண்ட ஹைதர் அலி ஆங்கிலேயருக்கு எதிராக, அன்று கர்நாடகம் என்று சொல்லப்பட்ட நம் தமிழ்ப் பகுதிக்குள் இறங்கினார். 1781 ஜூலை 1, நம் பரங்கிப்பேட்டையில் ஹைதருக்கும் ஐர் கூட் என்ற ஆங்கிலத் தளபதிக்கும் பெரும் போர். அதே ஆண்டு அக்டோபர் 19, அமெரிக்காவில் யார்க்டவுன் என்ற இடத்தில் ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது. கார்ன்வாலிஸ் என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? அங்கே தோற்ற அதே கார்ன்வாலிஸ்தான் 1786இல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார், 1792இல் திப்புவின் நாட்டில் பாதியை எழுதி வாங்கினார்.

அடுத்த ஆண்டு, 1782, ஆங்கிலேயர் கையிலிருந்த கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. அந்த டிசம்பரில் ஹைதர் இறந்தார். 1783 மார்ச்சில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி படையோடு வந்து இறங்கினார். வயதானவர், உடல்நிலையும் சரியில்லை. கடலில் அவர்களுக்குத் துணை சுஃப்ரேன் என்ற கடற்படைத் தளபதி. பாண்டிச்சேரிக்குத் துணி எடுக்கப் போகிறோமே, அங்கே புஸ்ஸி வீதி, சுஃப்ரேன் வீதி என்று பலகை பார்த்திருப்பீர்கள். அந்த இருவர்தான்.

ஜூன் மாதம். கடலூர் வெயிலை நான் சொல்லத் தேவையில்லை. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில் ஆங்கிலப் படை வந்து ஊரை வளைத்துக்கொண்டது. ஜூன் 13 அன்று காலையில் தொடங்கிய சண்டையில் இரு பக்கமும் குவியல் குவியலாக ஆட்கள் விழுந்தார்கள். விழுந்தவர்களில் வெள்ளைக்காரர்கள் மட்டுமா? கம்பெனிப் படையில் சிப்பாய்களாக நின்ற நம் மக்களும்தான். ஜூன் 20 அன்று கடலில் சண்டை. ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸிடம் 18 போர்க் கப்பல்கள், சுஃப்ரேனிடம் 15. ஆனால் ஹியூஸின் மாலுமிகள் காய்கறி, பழம் இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயில் கிடந்தார்கள், குடிதண்ணீரும் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் கப்பல்களைத் திருப்பிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். சுஃப்ரேன் தன் ஆட்களைக் கரையில் இறக்கிப் புஸ்ஸிக்குத் துணையாக அனுப்பினார். ஜூன் 25 அன்று பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டு வெளியே வந்து தாக்கினார்கள், அதிலும் ரத்தம்.

ஜூன் 29. கடலில் ஒரு கப்பல் தெரிகிறது. பெயர் மெடியா. ஆங்கிலக் கப்பல். ஆனால் சண்டைக்கு வரவில்லை, சமாதானக் கொடி கட்டிக்கொண்டு வருகிறது. என்ன செய்தி கொண்டுவந்தது தெரியுமா? இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்டுவிட்டன. எப்போது? ஜனவரி 20ஆம் தேதி, வெர்சாயில்! தை மாதத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. ஆனி மாதத்தில் இங்கே வெட்டிக்கொண்டு சாகிறார்கள். தந்தி இல்லை, சூயஸ் கால்வாய் இல்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பல் வந்து சேர வேண்டும். அந்த ஐந்து மாதத்துக்குள் கடலூர் மண்ணில் விழுந்த ஒவ்வோர் உயிரும், சமாதானம் ஆன பிறகு போன உயிர்.

சில நாளில் சண்டை நின்றது. அமெரிக்க விடுதலைப் போரை ஒட்டி எழுந்த அந்த உலகச் சண்டையின் கடைசிக் குண்டுகள் கடலூரில்தான் வெடித்தன என்று எழுதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அமெரிக்காவின் விடுதலையை இங்கிலாந்து ஏற்றுக் கையெழுத்திட்டது அதே ஆண்டு செப்டம்பர் 3. தம்பி, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாயே, இனி 1783-ஐ நீ மறப்பாயா? மறக்க மாட்டாய். எழுந்து நின்று ஆண்டைச் சொல். சபாஷ்.

இப்போது 1789-ஐப் பிடிப்போம். இந்தப் போருக்கு பிரான்ஸ் செலவழித்தது நூறு கோடி லிவ்ருக்கு மேல். லிவ்ர் என்பது அன்றைய பிரெஞ்சு நாணயம். பெரும்பாலும் கடன் வாங்கிய பணம். 1788இல் அரசின் செலவில் ஏறக்குறைய பாதி, கடன் கட்டவே போனது. அந்த ஆண்டு விளைச்சலும் கெட்டது, ரொட்டி விலை ஏறியது. வரி போட வழி தேடி, 1614க்குப் பிறகு கூட்டாமலே இருந்த பொதுச் சபையை மன்னர் கூட்டினார், 1789 மே 5. ஜூலை 14 அன்று பாரிஸின் பாஸ்டில் சிறைக்கோட்டை மக்கள் கையில் விழுந்தது. ஆக 1776, 1778, 1783, 1789 என்பவை நான்கு எண்கள் இல்லை, ஒரே கதை. கடன் மேல் கடன் வாங்கி ஓர் அரியணையே ஆடிப்போனது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சொன்னது அரசர்களுக்கும் பொருந்தும்.

இரண்டாவது வழியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1799 எல்லோருக்கும் தெரியும், கட்டபொம்மன் ஆண்டு. அக்டோபர் 16, கயத்தாறு. அதே ஆண்டு மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தார். கயத்தாற்றுக்கு 24 நாள் கழித்து, நவம்பர் 9 அன்று, பாரிஸில் நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தார். டிசம்பர் 14 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் இறந்தார். கட்டபொம்மனைத் தெரிந்த பிள்ளைக்கு இந்த மூன்றும் கூடவே வந்துவிடும். அப்புறம் 1815: மார்ச்சில் கண்டி அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனது, ஜூன் 18இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர்.

ஆண்டெல்லாம் எதற்கு, செல்போனில் தட்டினால் வந்துவிடுமே என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1783இல் கடலூரில் என்ன நடந்தது என்று கேட்டால் செல்போன் சொல்லும். ஆனால் கேட்கத் தோன்ற வேண்டுமே! இரண்டு ஆண்டுகள் மனதில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் கேள்வியே பிறக்கும். அதற்கு ஆண்டுகள் தினமும் கண்ணில் பட வேண்டும்.

இங்கேதான் சுவருக்கு வருகிறேன். நாட்காட்டி விஷயத்தை மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். சுவர்தான் அவசரம், மழைக்காலம் வருகிறது.

பத்தாம் வகுப்பில் காலக்கோடு வரைகிறோம். விடைத்தாளில் ஒரு சாண் கோடு. அதைச் சுவரில் வரைய வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கு ஒரு காலக்கோட்டுச் சுவர். நூறு ஆண்டுக்கு ஒரு மீட்டர். கிமு 600இல் தொடங்கினால் இன்றைக்கு வர 26 மீட்டரும் கொஞ்சமும் போதும். காலையில் உடற்கல்வி ஆசிரியர் டேப் வைத்து அளந்தார், நம் சுவர் தாராளமாக இருக்கிறது.

அந்தச் சுவரோரம் நடந்து பாருங்கள். புத்தர் தொடக்கத்திலேயே வந்துவிடுவார். அலெக்சாண்டர் ஜீலம் நதிக்கரையில் போரிட்ட கிமு 326-ஐத் தொட மூன்றடி எடுத்து வைக்க வேண்டும். 1783க்கும் 1789க்கும் நடுவே ஆறு சென்டிமீட்டர், மூன்று விரல் அகலம். முதல் உலகப் போர் முழுவதும் நாலு சென்டிமீட்டர். இந்தியா விடுதலை பெற்ற 1947, சுவர் முடியும் இடத்துக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில். எகிப்தின் பெரிய பிரமிடுக்குச் சுவரே போதாது. இந்தப் பக்கம் இன்னும் 20 மீட்டர் தள்ளி, மைதானத்தில் ஒரு கல் நட வேண்டும். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் இப்படி ஒரு சுவர் வரைந்தோம். பிள்ளைகள் அதை விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஒருத்தி "கான்ஸ்டான்டினோபிள்!" என்று கத்துவாள், மற்றவர்கள் அந்த நகரம் துருக்கியர் கையில் விழுந்த 1453-ஐப் போய்த் தொட வேண்டும். தள்ளிப் போய்த் தொட்டவர்கள் அவுட். சாப்பாட்டு இடைவேளையில் இடம் பிடிக்கப் போட்டி. கைபட்டுக் கைபட்டு 1453-இன் பெயின்ட் தேய்ந்தே போய்விட்டது, மறுபடி எழுதினோம். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நான் சொன்னதை அங்கே கண்ணால் பார்த்தேன்.

ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, சுவரைக் கொடுத்த கையால் ஒரு கோட் வெள்ளையும் அடித்துக் கொடுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பெயின்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கறுப்பு, சிவப்பு, நீலம் மூன்று போதும். ஓவிய ஆசிரியர் எழுத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். எந்த நிகழ்ச்சிகளை எழுதுவது என்பதைப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூலகரின் அலமாரியிலிருந்து சரிபார்த்துப் பட்டியல் தர வேண்டும். ஒவ்வோர் ஆண்டையும் இரண்டு புத்தகத்தில் பார்த்த பிறகுதான் சுவரில் ஏற்ற வேண்டும், இதில் சலுகையே கிடையாது. பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்கள் போகும்போது என்னைப் பாருங்கள். அளவு போட்ட தாள் ஆளுக்கொன்று வைத்திருக்கிறேன்.

வெள்ளையடித்துக் காய்ந்ததும் வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கலாம் என்று தலைமையாசிரியர் அம்மா அனுமதி கொடுத்திருக்கிறார். பழைய உடுப்பில் வாருங்கள், ஆளுக்கொரு ஸ்கேல் கொண்டுவாருங்கள். முதலில் 1783. அதைத் தலைவர் கையால் எழுதச் சொல்லலாம். நன்றி, வணக்கம்.