செகண்ட் ஹேண்டில் வாங்கினால் காசு மிச்சமாகுமா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "லேப்டாப், புத்தகம், கால்குலேட்டர் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வீட்டில் வசதி இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் நிஜமாகவே காசு மிச்சமாகுமா, இல்லை ரிப்பேர் பார்த்தே பணம் கரைந்துவிடுமா?"

மிச்சமாகும் தம்பி, தாராளமாக ஆகும். ஆனால் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் நீங்கள் பயப்படுகிற மாதிரிதான் நடக்கும். என்னைப் பொறுத்தவரை பார்க்க வேண்டிய கணக்கு ஒன்றுதான்: வாங்குகிற விலையை மட்டும் பார்க்காதீர்கள், உங்கள் வேலை முடிந்ததும் அதை என்ன விலைக்குக் கொடுக்க முடியும் என்றும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் உங்கள் உண்மையான செலவு. இதில் முதலிடம் புத்தகத்துக்கும் கால்குலேட்டருக்கும்தான், ஏற்கெனவே விலை இறங்கி நிற்கிற பொருள் உங்கள் கையில் இன்னும் பெரிதாக இறங்காது.

புத்தகத்தில் ஒரு விஷயம். பழைய பதிப்பு வாங்கலாமா என்று ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள். பல பாடங்களில் புதிய பதிப்பு என்றால் அத்தியாயக் கடைசியில் இருக்கும் கணக்குகளின் எண்களை மாற்றியிருப்பார்கள், சில உதாரணங்களைச் சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான். சட்டம், வரி, மென்பொருள் மாதிரி அடிக்கடி மாறுகிற பாடம் என்றால் மட்டும் புதிய பதிப்பே வேண்டும். அப்புறம், ஆன்லைன் பயிற்சிக்கான குறியீட்டு எண்ணோடு வருகிற புத்தகம் என்றால் ஜாக்கிரதை, பெரும்பாலும் அந்த எண்ணை ஒருவர்தான் பயன்படுத்த முடியும். கால்குலேட்டருக்கு உங்கள் தேர்வில் அந்த மாடலை அனுமதிக்கிறார்களா என்று பார்த்தால் போதும்.

லேப்டாப்புக்கு வருவோம், பணம் போவது இதில்தான். வெளியே பளபளப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதில் நேரத்தை விடாதீர்கள். மூடியபடியே சமமான மேசையில் வையுங்கள். ஒரு மூலையை லேசாக அழுத்தினால் ஆடுகிறதா, திறந்தால் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அப்படியென்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு உண்டு, அது தீப்பிடிக்கக்கூடிய விஷயம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்து மூடியை மெதுவாகத் திறந்துகொண்டே கீல் பக்கம் பாருங்கள், அங்கே பிளாஸ்டிக் வாய் பிளந்தால் சீக்கிரமே திரையும் கையோடு வந்துவிடும். விண்டோஸ் லேப்டாப்பில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கிற வசதி அதற்குள்ளேயே இருக்கிறது, அதில் தயாரிக்கும்போது இருந்த கொள்ளளவும் இப்போது முழுசாக சார்ஜ் ஏறினால் எவ்வளவு என்பதும் பக்கத்தில் பக்கத்தில் வரும். 50,000 mWh (மில்லிவாட்-மணி, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) இருக்க வேண்டிய இடத்தில் 25,000 என்று காட்டினால் பேட்டரி பாதிதான் மிச்சம், அப்போது புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். ஒரு வீடியோவை ஓடவிட்டு சார்ஜரைப் பிடுங்கியும் பாருங்கள், வைஃபை, கேமரா, ஒவ்வொரு விசை, ஒவ்வொரு யூஎஸ்பி துளை, எதையும் விடாதீர்கள், விற்கிறவர் அவசரப்படுத்தினால் கிளம்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது இங்கேதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்டுகள் கொடுப்பது, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று 6-ஆம் தலைமுறையை எடுத்தால், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டு ஓட்டத் தயாராக இருந்தால் சரி, இல்லையென்றால் பாதுகாப்பு விஷயத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ரேமைக் கூட்ட முடியுமா என்றும் கேளுங்கள், சில மாடல்களில் போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள், அங்கே வாங்கும்போது இருப்பதுதான் கடைசி வரை.

போனோ ஆப்பிள் லேப்டாப்போ வாங்கினால் பழைய சொந்தக்காரர் உங்கள் கண் முன்னால் தன் கணக்கிலிருந்து வெளியேறி, அழித்து, புதிதாகத் தொடங்கிக் காட்ட வேண்டும். "வீட்டுக்குப் போய் எடுத்துவிடுகிறேன்" என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள், ஆக்டிவேஷன் லாக் விழுந்த, அதாவது பழைய சொந்தக்காரரின் கணக்கோடு பூட்டப்பட்ட கருவி உங்களுக்கு எதற்கும் உதவாது. போனில் *#06# அழுத்தினால் வருகிற ஐஎம்இஐ எண்ணை (அந்தப் போனின் அடையாள எண்) பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள், திருட்டுப் பொருள் கையில் வந்து சேர்ந்தால் பணம் போவதோடு நிற்காது.

எதைப் பழசில் வாங்கவே கூடாது? ஹெல்மெட். உள்ளே இருக்கும் நுரைதான் அடியை வாங்கி நசுங்குகிறது, ஒருமுறை விழுந்திருந்தாலும் வெளியே தெரியாது. மெத்தையும் வேண்டாம், மூட்டைப்பூச்சி ஒருமுறை அறைக்குள் வந்தால் விரட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மேசை, நாற்காலி, புத்தக அலமாரி எல்லாம் தைரியமாக வாங்கலாம், மரமோ இரும்போ என்றால் துடைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டியதுதான், இடுக்குகளை மட்டும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

எப்போது வாங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் சேர்கிற நேரத்தில் தேடினால் நல்ல பொருளுக்குப் போட்டி அதிகம். கடைசி ஆண்டு மாணவர்கள் அறையைக் காலி செய்கிற நேரத்தில் உங்கள் துறை சீனியர்களிடம் நேராகப் போய்க் கேளுங்கள். தூக்கிக்கொண்டு போக முடியாமல் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய இருப்பார்கள், அதோடு எந்தப் புத்தகம் உண்மையில் தேவைப்பட்டது, எது கடைசி வரை பிரிக்காமலே கிடந்தது என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். இந்த வருஷத்துக்கு, வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, நூலகத்தில் இல்லாத புத்தகத்தை மட்டும் வாங்குங்கள் தம்பி.