திரையில் தெரியும் விலை எத்தனை பங்குகளுக்கு?

[காட்சி: கொழும்புக் கோட்டை, உலக வர்த்தக மையத்தின் இரு கோபுரங்கள்]

காலை 9.30 மணிக்குக் கொழும்புப் பங்குச் சந்தை திறந்த சற்று நேரத்தில், உங்கள் கைப்பேசி ஒரு நிறுவனத்தின் பங்கு விலை 50 ரூபாய் என்று காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். அது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. நூறே பங்குகள் கைமாறிய வியாபாரமாகவும் அது இருக்கலாம்.

[திரையில்: விற்பனைக் கட்டளைகளின் வரிசை]

விற்க முன்வந்தோரின் வரிசையில் 50 ரூபாய்க்கு 500 பங்குகளும், 50.20 ரூபாய்க்கு 1,000 பங்குகளும், 50.50 ரூபாய்க்கு 1,500 பங்குகளும் உள்ளன. நீங்கள் 500 பங்குகள் மட்டும் வாங்கினால் 50 ரூபாயோடு முடிந்தது. 3,000 பங்குகளையும் உடனே வேண்டுமென்று கேட்டால், சராசரியாக ஏறத்தாழ 50.32 ரூபாய் செலுத்துவீர்கள். திரையிலும் கடைசி விலை 50.50 என்று மாறிவிடும். நிறுவனத்தைப் பற்றிப் புதிய செய்தி எதுவும் வராமலேயே உங்கள் கட்டளையின் அளவு விலையை உயர்த்திவிட்டது.

வரிசை காலியாவதோடு இது நிற்பதில்லை. வாங்குபவர் எதையோ முன்கூட்டி அறிந்து வாங்குகிறாரா, கையில் பணம் இருப்பதால் வாங்குகிறாரா என்று எதிரே நிற்பவரால் பிரித்தறிய முடியாததால், வாங்கக் கேட்கும் அளவு பெருகப் பெருக அவர் விலையை உயர்த்தித் தம்மைக் காத்துக்கொள்கிறார் என்பதை, பொருளியலாளர் அல்பர்ட் கைல் 1985இல் கணித வடிவில் காட்டினார். புறக்கோட்டையில் ஒருவர் கடை கடையாக வெங்காய மூடைகளை அள்ளத் தொடங்கினால், கப்பல் தாமதமோ என்று அடுத்த கடைக்காரர் யோசிப்பதும் இதே கணக்குத்தான்.

[திரையில்: வர்க்கமூல வளைகோடு]

கைலின் மாதிரியில் கட்டளை இரட்டித்தால் விலை நகர்வும் இரட்டிக்கும். பெரிய நிதியங்களின் உண்மையான கட்டளைகளை ஆராய்ந்தவர்களோ, நகர்வு பெரும்பாலும் அளவின் வர்க்கமூலத்தையே பின்பற்றுவதைக் கண்டார்கள். நாளொன்றுக்கு 2 சதவீதம் ஏறி இறங்கும் பங்கில், ஒரு நாள் வியாபாரத்தின் 1 சதவீதத்தை வாங்கினால் விலை ஏறத்தாழ 0.2 சதவீதமும், 4 சதவீதத்தை வாங்கினால் 0.4 சதவீதமும் நகரும். நகர்வு இரு மடங்கு. பங்குகள் நான்கு மடங்கு. ஆகவே ரூபாயில் மேலதிகச் செலவு எட்டு மடங்கு. இந்த எட்டு மடங்கைத்தான் முதலீட்டாளர்கள் கணக்கில் எடுக்காமல் விடுகிறார்கள் என்பது என் கவலை.

பெருந்தொகையாக வாங்குவோர் இதனால்தான் கட்டளையைத் துண்டாக்கிப் பல நாட்களில் வாங்குகிறார்கள், அல்லது இரு தரப்பும் முன்பே பேசி முடிக்கும் ‘குரொசிங்’ முறையை நாடுகிறார்கள். அவசரத்தின் விலையை 2010 மே 6 அமெரிக்காவில் காட்டியது. விலையையும் நேரத்தையும் பாராமல் 75,000 எதிர்கால ஒப்பந்தங்களை (பின்னொரு நாளுக்கான விலையை இன்றே பேசி முடிப்பவை) விற்கும்படி ஒரு நிதியம் கணினியிடம் விட்டதை, அந்த நாளில் பங்கு விலைகள் திடீரென வீழ்ந்ததற்கான முக்கிய காரணமாக அதிகாரபூர்வ அறிக்கை சுட்டிக்காட்டியது.

[காட்சி: முதலீட்டுக் கணக்கின் இருப்புப் பட்டியல்]

கொழும்பில் பல பங்குகள் நாள் முழுவதும் சில ஆயிரங்களே கைமாறுகின்றன. அத்தகைய பங்கில் 200,000 வைத்திருப்பவர், அதைக் கடைசி விலையால் பெருக்கித் தம் சொத்து என்று எழுதிக்கொள்கிறார். நாளொன்றுக்கு 5,000 பங்குகளே விற்பனையாகுமானால், வேறு ஒருவரும் விற்காமல் அவர் மட்டுமே விற்றாலும், முழுவதையும் பணமாக்க 40 வர்த்தக நாட்கள் வேண்டும்.